பத்துத் தொகுதியும் படித்தாயிற்று

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய 'மேசான் இக்கோக்கு' ஜப்பானியச் சித்திரக்கதை பத்துத் தொகுதியும் ஆங்கிலத்தில் படித்து முடித்தாயிற்று. அது போதாதென்று உன் தங்கை அதன் தொலைக்காட்சித் தொடரையும் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். மொத்தம் 96 பகுதி. ஒருநாள் ராத்திரி அப்பா எட்டிப் பார்த்து, "இந்த வயசில் கார்ட்டூனா?" என்றார். "கார்ட்டூன் இல்லை, கணவனை இழந்த பெண்ணின் மறுமணம்" என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பொழுது போகும், படிச்சுப் பாரும்மா" என்று நீ சொன்னபோதே எனக்குச் சந்தேகம்தான். டோக்கியோவில் இருக்கும் பிள்ளை அம்மாவுக்குக் கிலோக்கணக்கில் காதல் கதை அனுப்பினால் அதில் ஏதோ காரியம் இருக்கும். போனில் நாலைந்து தடவை பேச்சுவாக்கில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாய். கணவர் தவறிவிட்டார், இன்னும் அவர் வீட்டாரோடு போக்குவரத்து இருக்கிறது என்றாய். அப்புறம் இந்தப் பார்சல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஜப்பான்காரர்களையும் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாய். இருக்கட்டும். படித்தவரை எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், உனக்குத் தேவையானதை எடுத்துக்கொள்.

முதலில், இதை எழுதிய ரூமிக்கோ தகஹாஷி கெட்டிக்காரி. 1980-இல் தொடங்கி 1987 வரை 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' பத்திரிகையில் எழுதி வரைந்திருக்கிறார். அந்த ஏழு வருஷமும் கதைக்குள்ளேயும் ஓடுகிறது. வெளியே கோடை வந்தால் உள்ளேயும் கோடை, வெளியே புதுவருஷம் என்றால் உள்ளேயும் புதுவருஷம். நுழைவுத் தேர்வில் தோற்றுப்போன பொடியனாக வருகிற கோதாய், முடியும்போது கையில் குழந்தையோடு நிற்கிறான். இப்படி வயசாகிற சித்திரக்கதையை நான் பார்த்ததில்லை. அதே வருஷங்களில் இந்த அம்மாள் இன்னொரு பத்திரிகையில் 'உருசெய் யாட்சுரா'வையும் எழுதிக்கொண்டிருந்தாராம். எப்போது தூங்கினார் என்று தெரியவில்லை.

கதாநாயகி கியோக்கோவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய சோயிச்சிரோவைக் கல்யாணம் செய்துகொள்கிறாள், அரை வருஷத்தில் அவர் இறந்துவிடுகிறார். மாமனாருக்குச் சொந்தமான, கோதாய் வாடகைக்கு இருக்கிற 'இக்கோக்கு' என்ற பழைய மர வீட்டுக்குப் பொறுப்பாளராக வருகிறாள். கோழிக்குஞ்சுப் படம் போட்ட ஏப்ரன், கையில் துடைப்பம். கூரை ஒழுகினால் தானே ஏறிச் சரி செய்கிறாள். தியாகச் சுடராக ஒரு பெண்ணைக் காட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். நல்லவேளை, அப்படி இல்லை. இவளைக் காதலிக்கிற கோதாய் வேறு பெண்ணோடு போனால் இவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவன் தன்னைச் சேர்ந்தவன் என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டாள். தட்டை 'டொக்' என்று வைப்பாள், முகத்தை மட்டும் சிரித்தமாதிரி வைத்துக்கொள்வாள். உன் தங்கைக்கு அதில் எரிச்சல். எனக்கு அதுதான் பிடித்தது. துக்கத்தில் இருப்பவள் நாள் முழுக்கத் துக்கத்திலேயே இருக்க மாட்டாள். கோபம் வரும், பொறாமை வரும், பசிக்கும்.

அந்த நாய் விஷயத்தை நீ கவனித்தாயா? சுட்ட கோழிக்கறி வாசனைக்குக் கணவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்த வெள்ளை நாய். வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது, "சோயிச்சிரோ" என்று அவரை யாராவது கூப்பிட்டால் இது எழுந்து வரும். அவர் போன பிறகு அந்தப் பெயர் நாய்க்கே நின்றுவிட்டது. ஆக அந்த வீட்டு வாசலில் தினமும் நாலு தடவை இறந்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறார்கள். சிரிக்கத்தான் வைத்திருக்கிறார், ஆனால் படிக்கப் படிக்கத் தொண்டையில் ஏதோ நிற்கிறது. அந்த மனிதருடைய முகத்தைக் கடைசிவரை காட்டவே இல்லை, எப்போதும் நிழல்தான். கோதாய் எப்படியாவது ஒரு போட்டோ பார்த்துவிடத் துடிக்கிறான். எதிராளி யாரென்று தெரிந்தால்தானே சண்டை போட முடியும்?

கியோக்கோவைக் கட்டிக்கொள்ள நினைக்கிற மித்தாக்கா என்ற டென்னிஸ் கோச்சைப் போய் யார் வேண்டாம் என்பார்கள்? பணம், அழகு, பேச்சு, கார் எல்லாம் உண்டு, நாய் என்றால் மட்டும் உதறல். அப்பாவுக்கு அவர்தான் பிடித்தது. அந்தப் பயத்தைப் போக்க அவரே ஒரு நாய் வளர்க்க, கடைசியில் அந்த நாயாலேயே வேறு பெண்ணோடு கல்யாணம் முடிகிற இடத்தில் அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. பக்கத்து அறை யோட்சுயா சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டு வருவதும், தேர்வுக்குப் படிக்கிறவன் அறையிலேயே எல்லோரும் உட்கார்ந்து குடிப்பதும் எனக்குக் கொஞ்சம் அலுத்துவிட்டது. நடுவில் நாலு தொகுதி சுற்றிச் சுற்றி அதே இடத்தில்தான் நிற்கிறது.

தொடரைப் பற்றி ஒரு வார்த்தை. 1986 மார்ச்சில் ஃபுஜி டிவியில் தொடங்கி 1988 மார்ச்சில் முடிந்திருக்கிறது. தொடங்கும்போது கதையே முடிந்திருக்கவில்லை. இரண்டாம் அறையில் குடியிருக்கிற நிக்கைதோவை அப்படியே எடுத்துவிட்டார்கள், ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. சுமி ஷிமாமோட்டோ கியோக்கோவுக்குக் கொடுத்த குரல் இப்போதும் காதில் இருக்கிறது. 1988-இல் வந்த படத்தைக் கல்யாணத்துக்கு முந்தைய நாளோடு நிறுத்திக்கொண்டார்கள். அதைக் கடைசியாகப் பார்.

இப்போது உன் விஷயம். கோதாய் நல்ல பையன்தான், ஆனால் கோஸுவே என்ற பெண்ணிடம் 'இல்லை' என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் வருஷக்கணக்காக இழுத்தானே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மனசு நோகக்கூடாது என்று சொல்லாமலே இருந்து, அவளை இன்னும் அதிகமாக நோகடித்தான். நீயும் பத்துத் தொகுதி அனுப்புகிற ஆள், ஒரு வாக்கியம் சொல்கிற ஆள் இல்லை. அவளிடமாவது நேராகச் சொல்லிவிடு.

வேலையைப் பற்றி நீ கவலைப்படுவதும் எனக்குத் தெரியும். கோதாய் சேர இருந்த கம்பெனி சேருவதற்கு முன்பே திவாலாகிவிட்டது. கேபரேயில் வேலை பார்க்கிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டான். அங்கேயிருந்துதான் குழந்தைகள் காப்பகத்து வேலைக்குப் பரீட்சை எழுதிப் போனான். எனக்கு அவன் மேல் மரியாதை வந்தது அந்தப் பிள்ளைகளோடு இருக்கும்போதுதான். கல்யாணச் செலவுக்குப் பாட்டியிடம் கடன் வாங்கினான். உனக்குப் பாட்டி இல்லாவிட்டாலும் நான் இருக்கிறேன், வட்டி கேட்பேன்.

கல்லறைக் காட்சியை மூன்று தடவை படித்தேன். கியோக்கோ கேட்டுக்கொண்டிருப்பது தெரியாமல் இவன் சோயிச்சிரோவிடம் பேசுகிறான். நான் பார்த்த நாளிலிருந்தே அவளுக்குள் நீங்களும் இருக்கிறீர்கள், அதனால் உங்களையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறேன் என்கிற அர்த்தத்தில். ஏழு வருஷம் நிழலோடு மல்லுக்கட்டியவன் வாயிலிருந்து அது வருகிறது. உன்னால் அப்படிச் சொல்ல முடியுமா? அவள் பழைய போட்டோவை அலமாரியில் வைத்தால், திவசத்துக்கு மாமியார் வீட்டுக்குப் போனால், உன் முகம் மாறாதா? மாறும் என்றால் இப்போதே சொல், அவளும் தெரிந்துகொள்ளட்டும். அவள் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டு வரவேண்டும் என்று இந்த வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் யார் தெரியுமா? மாமனார். நீ இளம்பெண், மறுபடி கல்யாணம் செய்துகொள் என்று சொல்கிறவரே அவர்தான். பெற்ற அப்பாதான் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறார், ஒரு தடவை பட்டது போதாதா என்று. இரண்டு பேரையும் எனக்குப் புரிகிறது. அதனால், கல்யாணம் என்று வந்தால் அந்தப் பெண்ணின் முதல் மாமனார் மாமியாருக்கு நாங்களே நேரில் போய்ப் பத்திரிகை வைப்போம். அவள் சம்மதித்தால் மட்டும். அப்பாவும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை பத்து மணிக்குக் கூப்பிடு, உங்களுக்கு ஒன்றரை இருக்கும். அவளையும் பக்கத்தில் வைத்துக்கொள். ஜாதகப் பேச்சு எடுக்க மாட்டேன். அத்தை எடுப்பாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அடுத்த பார்சலில் 'உருசெய் யாட்சுரா' அனுப்பு. அப்பாதான் கேட்கச் சொன்னார்.