லாஸ் வேகாஸ் 'தம்பதி ஸ்பெஷல்' சுற்றுலா: பணத்தைத் திருப்பித் தரக் கோரி இறுதிப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, தலைமை அலுவலகம்
நகல்: தி.நகர் கிளை மேலாளர்

பொருள்: லாஸ் வேகாஸ் தம்பதி சுற்றுலாவில் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று, கூடுதலாக வாங்கிய பணம், கிளை ஊழியரின் பேச்சு.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் அழைப்பு மையம், வாட்ஸ்அப் எண், தி.நகர் கிளை என்று எல்லா இடத்திலும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுத்தில் தருகிறேன். கிளையில் கேட்டால் தலைமை அலுவலகம் என்கிறார்கள். தலைமை அலுவலகத்தில் கேட்டால் அமெரிக்க சப்ளையர் என்கிறார்கள். அந்த சப்ளையர் நெவாடாவில் இருக்கிறாராம். நாங்கள் பணம் கட்டியது உங்கள் பெயருக்கு. ரசீதும் உங்களுடையதுதான்.

முதலில் ரிசார்ட் கட்டணம், அதாவது அறை வாடகைக்கு மேல் ஹோட்டல் கட்டாயமாக வாங்கும் தொகை. வவுச்சரில் "தங்குமிடம் அனைத்துக் கட்டணங்களும் வரிகளும் உட்பட" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஹோட்டல் கவுன்டரில் அறைக்கு இரவு ஒன்றுக்கு 50 டாலர், அதன்மேல் 13.38 சதவீத வரி, ஆக 56.69 டாலர் கட்டினால்தான் சாவி என்றார்கள். ஸ்ட்ரிப் என்கிற வேகாஸின் முக்கிய வீதியில் பெரிய ஹோட்டல்களில் பெரும்பாலானவை இதை வாங்குகின்றன என்பது ஊரறிந்த விஷயம். வருடா வருடம் ஆள் அனுப்பும் உங்களுக்குத் தெரியாது என்றால் நம்ப முடியவில்லை. நீங்கள் மொத்த வியாபார விலைக்கு வாங்கும் அறையில் இந்தத் தொகை சேராமல் வருவதுண்டு. அப்படியானால் "விருந்தினர் நேரில் கட்ட வேண்டும்" என்று ஒரு வரி போட்டிருக்க வேண்டும். கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன் கொண்டுவந்த விதி 2025 மே 12 முதல் அங்கே நடப்பில் இருக்கிறது. அந்த ஊர் ஹோட்டல்களே விளம்பரத்தில் காட்டுவதை நீங்கள் மறைத்திருக்கிறீர்கள்.

அந்தக் கட்டணம் எதற்கு? வைஃபை, ஜிம், நீச்சல் குளம். நீங்கள் எங்களை அனுப்பியது ஜனவரியில். குளிர்காலத்தில் அங்கே பல ஹோட்டல்கள் குளத்தை மூடிவிடும். நாங்கள் தங்கிய இடத்திலும் மூடித்தான் இருந்தது. உங்கள் விளம்பரத்தின் முதல் படமே அந்தக் குளம்தான். கூடவே "பாலைவனம், பருத்தி உடை போதும்" என்ற அறிவுரை வேறு. ஜனவரி இரவில் அங்கே 4 டிகிரி.

இந்த ரிசார்ட் கட்டணத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் தி.நகர் கிளையில் நுழைந்ததும் வலப்பக்கம் உட்காரும் இளைஞர் சொன்னார்: "சார் டேபிள்ல உட்கார்ந்து விட்டிருப்பார் மேடம், வீட்டுல கேட்டுப் பாருங்க." என் கணவர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த இளைஞருக்குத் தொழில் தெரியவில்லை என்பதற்காகவே விளக்குகிறேன். சூதாட்ட மேஜையில் சில்லு வாங்க ரொக்கம் வேண்டும். அதை அறைக் கணக்கில் எழுத முடியாது. அறைக்கான பில்லில் ரிசார்ட் கட்டணம் தனி வரியாக, ஒவ்வொரு இரவுக்கும் தேதியோடு அச்சாகியிருக்கிறது. நகல் இணைத்திருக்கிறேன். அதை அவர் கையில் வாங்கியும் பார்க்கவில்லை.

அடுத்து முன்பணம். செக்-இன் செய்யும்போது ஹோட்டல் ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைக்கும், காலி செய்த பிறகு விடுவிக்கும். கிரெடிட் கார்டு கொடுத்தால் வரம்பு குறையுமே தவிரக் கைப்பணம் முடங்காது. ஃபாரெக்ஸ் கார்டிலோ (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிய அட்டை) டெபிட் கார்டிலோ பிடித்தால் உண்மையான பணம் முடங்கும், திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். உங்கள் ஆலோசகர் "ஃபாரெக்ஸ் கார்டு மட்டும் போதும், கிரெடிட் கார்டு எதற்கு" என்று எழுதிய வாட்ஸ்அப் செய்தி என்னிடம் இருக்கிறது. அந்த கார்டையும் உங்கள் கிளை மூலமாகத்தான் வாங்க வைத்தீர்கள்.

தயவுசெய்து உங்கள் பயணத்திட்டத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். "விமான நிலையத்திலிருந்து மோனோரயிலில் ஹோட்டல் செல்லுதல்" என்று இருக்கிறது. மோனோரயில் விமான நிலையத்துக்கு வருவதே இல்லை. தெற்கே எம்ஜிஎம் கிராண்டில் தொடங்கி வடக்கே சஹாராவில் முடிகிறது. 7 நிலையங்கள், ஸ்ட்ரிப்புக்குக் கிழக்கே ஹோட்டல்களின் பின்பக்கமாக ஓடுகிறது. "ட்ராபிகானா ஹோட்டல் எதிரே இறங்கவும்" என்றும் இருக்கிறது. அந்த ஹோட்டல் 2024 ஏப்ரலில் மூடப்பட்டது, அக்டோபர் 9 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இரண்டாம் நாள் மாலை: "மிராஜ் எரிமலைக் காட்சி, சிறப்பு இடத்திலிருந்து." மிராஜ் ஹோட்டல் 2024 ஜூலை 17 அன்றே மூடப்பட்டு, அதன் முன்னால் இருந்த செயற்கை எரிமலையும் அத்தோடு போய்விட்டது. கிதார் வடிவ ஹோட்டலுக்கான கட்டுமான வேலைதான் அங்கே நடக்கிறது. ஸ்ட்ரிப்பின் தென்கோடியிலிருந்து குளிரில் நடைமேம்பாலம் ஏறி இறங்கிப் போய்ப் பார்த்தது வேலித் தடுப்பை. இந்தக் கடிதம் எழுதும் இன்றுகூட உங்கள் இணையதளத்தில் அந்த எரிமலை புகைந்துகொண்டிருக்கிறது. இது கவனக்குறைவா, மோசடியா?

"பெல்லாஜியோ நீரூற்று, நுழைவுச்சீட்டு உட்பட" என்ற வரி வேறு. அது பெல்லாஜியோ ஹோட்டலின் முன்னால் நடைபாதையில் நின்று யாரும் இலவசமாகப் பார்ப்பது. காற்று பலமாக அடித்தால் நிறுத்தியும் விடுவார்கள். கோபுர தரிசனத்துக்கு டிக்கெட் போட்டு விற்பது போல அதற்கும் எங்களிடம் காசு வாங்கியிருக்கிறீர்கள்.

இனி கிராண்ட் கேன்யன். பெரிய தொகை இதில்தான் போயிருக்கிறது. திட்டத்தில் "கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா" என்று எழுதி, கீழே ஸ்கைவாக் கண்ணாடிப் பாலத்தின் படம் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு இடம் என்பதாவது தெரியுமா? ஸ்கைவாக் இருப்பது கிராண்ட் கேன்யன் வெஸ்டில். அது தேசியப் பூங்கா அல்ல, ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம்; தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது. பூங்காவின் தென் விளிம்பு வேகாஸிலிருந்து சுமார் 280 மைல், ஒரு வழிக்கே நாலரை மணி நேரம். மேற்குப் பக்கம் சுமார் 130 மைல், இரண்டரை மணி. தூரமான ஊருக்குக் காசு வாங்கிப் பக்கத்து ஊருக்கு ஓட்டியிருக்கிறீர்கள். சரி, ஸ்கைவாக்காவது கிடைத்ததா? வவுச்சரில் இருந்தது பொது அனுமதி மட்டும். ஸ்கைவாக்குக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும் என்று வாசலில்தான் தெரிந்தது.

நேரக் குளறுபடி இன்னொன்று. கேன்யன் இருக்கும் அரிசோனா மாநிலம் கடிகாரத்தைக் கோடைக்கு மாற்றுவதில்லை. அதனால் மார்ச் முதல் நவம்பர் வரை வேகாஸுக்கும் கேன்யனுக்கும் ஒரே நேரம். குளிர்காலத்தில் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். உங்கள் தாளில் "2 மணிக்குத் திரும்பும்" என்று மொட்டையாக இருக்கிறது. கைப்பேசி தானாக அரிசோனாவுக்கு மாறிவிடும், கைக்கடிகாரம் வேகாஸையே காட்டும். எந்த 2 மணி? இந்தக் குழப்பத்தில் அங்கே உள்ள காட்சி முனைகளில் ஈகிள் பாயின்ட்டோடு சரி, குவானோ பாயின்ட்டைப் பார்க்கவே முடியவில்லை. கோடையில் அச்சடித்த தாளை ஜனவரியில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

அறையையும் சொல்ல வேண்டும். பெயரிலேயே 'தம்பதி ஸ்பெஷல்'. கொடுத்தது இரண்டு தனித்தனிக் கட்டில் போட்ட அறை. உங்கள் சப்ளையர் கிங் கட்டிலை "வேண்டுகோள்" என்று மட்டுமே பதிந்திருந்தார், உறுதி செய்யவில்லை. ஷோ டிக்கெட்டிலும் இரண்டு இருக்கைகள் வேறு வேறு வரிசையில். எங்கள் 25-ஆவது திருமண நாள் என்று முன்பதிவுப் படிவத்திலேயே எழுதியிருந்தோம். அந்த நாள் இனி வராது. இந்தப் பயணத்துக்காகச் சேர்த்த சேமிப்பு முழுவதும் பாழாய்ப் போனது. அதற்கு மேல் "சார் டேபிள்ல விட்டிருப்பார்" என்ற பேச்சு! அந்த "100 டாலர் கேமிங் கிரெடிட்" உங்கள் விளம்பரத்தில் இருப்பதுதானே? சூதாடச் சொல்லி ஆசை காட்டுவதும் நீங்கள், சூதாடினார் என்று ஏளனம் செய்வதும் நீங்களா? அதுவும் பணமாக மாற்ற முடியாத, ஸ்லாட் இயந்திரத்தில் மட்டும் செல்லும் இலவச ஆட்டம். அதைப் பெற உறுப்பினர் அட்டை எடுக்க வேண்டும், அதற்கு அசல் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டை அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு நகலோடு வெளியே போங்கள் என்றதும் உங்கள் தாளேதான்.

மறந்துவிடப் போகிறேன், டிசிஎஸ், அதாவது விற்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. பயணத் தொகையோடு 5 சதவீதம் அக்டோபரிலேயே பிடித்தீர்கள். அந்தக் காலாண்டில் பிடித்த வரியைக் காட்டும் 27EQ படிவத்தை ஜனவரி 15-க்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். என் வரிக் கணக்குத் தாளான 26AS-இல் இதுவரை ஒரு பைசா ஏறவில்லை, வரி பிடித்ததற்கான 27D சான்றிதழும் வரவில்லை. வருமான வரித் துறையிடம் கேட்டால் உங்களுக்குத்தான் சிரமம்.

உங்கள் நிறுவனத்தின் மீது இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருப்பதால் பொறுமையாகவே கேட்கிறேன். ரிசார்ட் கட்டணம் முழுவதையும் அன்றைய கார்டு மாற்று விலையில் ரூபாயாகத் திருப்பித் தாருங்கள். கேன்யன் பயணக் கட்டணமும், இல்லாத எரிமலைக்கும் இலவச நீரூற்றுக்கும் வாங்கியதும் வேண்டும். 27D சான்றிதழை உடனே அனுப்புங்கள். மன உளைச்சலுக்கு 3 லட்சம் ரூபாய். அந்த இளைஞர் என் கணவரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். "வருந்துகிறோம்" என்ற உங்கள் அச்சடித்த மின்னஞ்சல் வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, இ-ஜாக்ரிதி என்ற இணையவழி நுகர்வோர் வழக்குத் தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். எங்கள் ஊருக்கு நீங்கள்தான் வர வேண்டியிருக்கும். 5 லட்சம் வரை செலுத்திய தொகைக்குக் கட்டணமும் கிடையாது, எனவே செலவைச் சொல்லி என்னைத் தயங்க வைக்க முடியாது. அப்படி ஒரு நிலைமை வராமல் தாங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வவுச்சர், ஹோட்டல் பில், பயணத்திட்டத் தாள், வாட்ஸ்அப் செய்தி, இன்று எடுத்த இணையதளப் படம்