எங்கள் அம்மாவுக்காகப் படியேறி வந்தவர்களுக்கு

நேற்று இங்கே ரங்கூனில் அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. இலை எடுத்து, பாத்திரம் கழுவி, வாடகை நாற்காலிகளை எண்ணி அனுப்பிவிட்டு (இரண்டு குறைந்தது, கடைசியில் கீழே தேநீர்க்கடையில் கிடந்தது) உட்காரும்போது ராத்திரி பத்து மணி. வழக்கம்போல் கரண்ட் இல்லை. மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பெயர்களை எழுத ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் ஓடியது. எழுத எழுத, விட்டுப்போனவர்கள் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள். சரி, பெயரே வேண்டாம், மடலாக எழுதிவிடுவோம் என்று தாளை மடித்து வைத்தேன்.

என்ன நடந்தது, எத்தனை மாதம் நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு மனமில்லை.

அம்மாவின் மூச்சுக் கருவிக்கு பாட்டரி கொடுத்தவர்கள், அந்த பாட்டரி தீர்ந்தபோது தங்கள் வீட்டு இன்வெர்டரைக் கழற்றிக்கொண்டு வந்த மூன்றாம் மாடிக் குடும்பம், காளி கோயிலிலிருந்து தினமும் விபூதி கொண்டுவந்தவர்கள், பெகுவிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் பஸ் பிடித்து வந்த சொந்தங்கள், வர முடியாமல் சென்னையிலும் சிங்கப்பூரிலும் போனை வைத்துக்கொண்டு அழுதவர்கள், உங்கள் எல்லோருக்கும் கும்பிட்டுச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தின் படிக்கட்டு எவ்வளவு குறுகல் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாடையை நிமிர்த்தி, சாய்த்து, அம்மாவின் தலை ஓரிடத்திலும் இடிக்காமல் ஐந்து மாடி இறக்கிய தேநீர்க்கடைப் பையன்களை எப்படி மறப்பேன்? அதில் ஒருவனுக்கும் தமிழ் தெரியாது. ஈம வண்டி ஒரு காசு வாங்காமல் வந்தது. 2001இல் இயக்குநர் துக்காவும் நடிகர் ஜோ தூவும் இந்த ஊரில் இலவச ஈமச் சேவையைத் தொடங்கிவைத்தார்கள். அந்த வழியில் வந்த எத்தனையோ சங்கங்களில் ஒன்றின் வண்டி அது. என்ன சாதி, என்ன மதம் என்று ஓட்டுநர் கேட்கவில்லை. எத்தனையாவது மாடி என்று மட்டும் கேட்டார்.

இனி நான் சொல்ல உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ரங்கூனில் மாடிவீட்டில் இருப்பவர்களுக்குக் கயிறு என்றால் விளக்கவே தேவையில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடங்கள். பால்கனியிலிருந்து தெருவரை ஒரு நைலான் கயிறு தொங்கும். நுனியில் ஒரு பெரிய கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர், காய்கறி, கரண்ட் பில், எல்லாம் அதில்தான் ஏறும், இறங்கும். எங்கள் கயிற்றில் அம்மா கட்டியது சாமி மாடத்திலிருந்த பழைய பித்தளை மணி. அதன் சத்தம் தெருவுக்கே தெரியும்.

காலை ஆறு மணிக்கு முன்னால் தலையில் பெரிய தட்டோடு ஓர் அம்மாள் வருவார். "பெபியோ!" என்று இழுத்துக் கூவுவார். முளைகட்டி வேகவைத்த பட்டாணிதான் பெபியோ. பர்மியர்கள் எண்ணெயும் வதக்கிய வெங்காயமும் போட்டு 'நான்' ரொட்டியோடு சாப்பிடுவார்கள். எங்கள் அம்மா அதை வாங்கிக் கடுகு தாளித்து, கறிவேப்பிலையும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டலாக்கிவிடுவார். 2008 நர்கிஸ் புயலுக்குப் பிறகு ஐராவதி டெல்டா பக்கமிருந்து வந்தவர் இந்த அம்மாள். அம்மாவுக்கு அதற்கு முந்தின வருஷமே முழங்கால் போய்விட்டது. ஆகவே பதினேழு வருஷப் பழக்கம் முழுவதும் கயிற்றின் வழியாகத்தான். கோயிலுக்கு அம்மாவைத் தூக்கி இறக்கும் நாட்களில் நேருக்கு நேர் பார்த்தது பத்துத் தடவை இருக்கலாம். அம்மா அவரைத் "தமீ" என்பார், பர்மிய மொழியில் மகள். அவர் அம்மாவை "அமேஜி" என்பார், பெரியம்மா மாதிரி. தினமும் அம்மா மேலிருந்து கத்தும் இன்னொரு சொல் "ஙன்தே!" உப்புக் கரிக்கிறது என்று அர்த்தம். பதினேழு வருஷமாக உப்பு குறையவும் இல்லை, அம்மா வாங்குவதை நிறுத்தவும் இல்லை.

அம்மா படுத்த படுக்கையான பிறகு, காற்று வரட்டும் என்று கட்டிலைப் பால்கனி ஓரமாகப் போட்டோம். கஞ்சி மட்டும்தான் இறங்கியது. பெபியோ வாங்குவது நின்றுபோனது. ஆனால் காலையில் மணி அடிப்பது நிற்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், ராத்திரி முழுக்கத் தூங்காத எரிச்சலில், ஐந்து மாடி இறங்கிப்போய் அவரிடம் சத்தம் போட்டேன். உள்ளே ஒரு மனுஷி சாகக் கிடக்கிறாள், யார் தின்னப் போகிறார்கள் உன் பட்டாணியை என்று கேட்டேன். இப்போது எழுதும்போது கூசுகிறது.

அவர் தட்டை இறக்காமலே சொன்னார்: "ஆகோ, நான் விற்க இழுக்கவில்லை. எனக்கு ஸேஊ வேண்டும். அமேஜி கையால் வாங்கினால்தான் அன்றைக்குத் தட்டு காலியாகும்."

ஆகோ என்றால் அண்ணன். ஸேஊ என்றால் நம் போணி. முதல் வியாபாரம். அந்த முதல் நோட்டை வாங்கிச் சரக்கின் மேல் தட்டித் தட்டி எடுப்பது இங்கே எல்லா வியாபாரிகளுக்கும் பழக்கம்.

நான் மேலே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கண்ணைத் திறந்து, "என் டப்பாவை எடு" என்றார்.

அந்த ஓவல்டின் டப்பாவைப் பற்றிச் சொல்லாமல் அம்மாவைப் பற்றிச் சொல்ல முடியாது. அம்மா 1938இல் துவாந்தே பக்கம் ஒரு நெல் கிராமத்தில் பிறந்தவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது தனக்கு ஞாபகம் இருக்கிறது என்பார். மூன்று வயதில் என்ன ஞாபகம் என்று அண்ணன் கேலி செய்வார். 1964இல் அப்பாவின் சின்னக் கடை அரசாங்கத்துக்குப் போய், வாசலில் மக்கள் கடை என்று பலகை ஏறியது. சொந்தக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பல் ஏறினார்கள். அம்மா ஏறவில்லை. மாமியார் படுக்கையில் கிடந்தார், அவரைக் கப்பலில் ஏற்ற முடியாது, அவ்வளவுதான் காரணம். மாமியார் அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். அந்த ஆறு வருஷத்தில்தான் அம்மா மாடிப்படிக்குக் கீழே ஒரு கல்லைப் போட்டுத் தோசை சுட ஆரம்பித்தது. பர்மியர்கள் தோஷே என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எங்கள் ஐந்து பேர் படிப்பும் இரண்டு கல்யாணமும் அந்தக் கல்லில்தான் வெந்தது.

1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று திடீரென்று அறிவித்தார்கள். அக்காவின் கல்யாணத்துக்கு அம்மா சேர்த்துவைத்தது அத்தனையும் 75 சாட் நோட்டு. அழவில்லை. நோட்டுகளை எங்களுக்கு விளையாடக் கொடுத்துவிட்டு மறுநாள் மாவு அரைத்தார். அன்றிலிருந்து பெரிய நோட்டை நம்பியதே இல்லை. எது வந்தாலும் சில்லறையாக்கி, நீவி, ரப்பர் பேண்ட் போட்டு டப்பாவில் வைப்பார்.

அந்த டப்பாவிலிருந்து ஒரு ஐந்நூறு சாட் நோட்டை எடுத்தார். பேத்தி கயிற்றை மேலே இழுத்து கிளிப்பைக் கையில் கொடுத்தாள். அம்மாவின் விரலுக்கு கிளிப்பைத் திறக்கும் பலம் இல்லை. நான் கை நீட்டினேன். முறைத்தார். இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினார், வழுக்கியது. முழங்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி மறுபடி அழுத்தினார். நோட்டின் ஒரு மூலை மாட்டியது. அதற்குள் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். எட்டிப் பார்த்தேன். கீழே அவர் தலையில் தட்டோடு அண்ணாந்தபடி நின்றுகொண்டிருந்தார். ஆறிலிருந்து ஏழுவரைதான் அந்த வியாபாரத்துக்கு உயிர். ஏழு மணிக்கு மேல் பெபியோவை யாரும் தேட மாட்டார்கள். பக்கத்துத் தெருவில் இன்னொருத்தியின் குரல் கேட்டது. இவர் அசையவில்லை.

நோட்டு இறங்கியது. பேத்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டினாளா?" என்றார் அம்மா.

"தட்டினாங்க அப்பத்தா. மூணு தடவை."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அறுபத்திரண்டு நாள் இது நடந்தது. என் மகள் காலண்டரில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். மழை கொட்டிய நாட்களிலும் மணி அடித்தது. மற்ற நேரமெல்லாம் அம்மா எங்கள் கையில் ஒரு குழந்தை மாதிரி. திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது, மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது. நாங்கள் அத்தனை பேரும் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அம்மாவிடமிருந்து ஒன்று வேண்டும் என்று வந்து நின்றவர் அந்தப் பெபியோ அம்மாள் ஒருவர்தான். முப்பது வருஷத்துக்கு மேல் தெருவில் தோசைக்கல் போட்டிருந்தவருக்குப் போணி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலை ஐந்தரைக்கே விழித்து, "தலையைச் சீவிவிடு, அவ வந்துருவா" என்பார். அந்த ஐந்தரை மணி அம்மாதான் என் அம்மா.

அப்புறம், மேலே வந்த பெபியோவை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். நாங்கள் தின்றோம். உப்புதான்.

அம்மா போனது விடியற்காலையில். ஆறு மணிக்கு மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நான் போய்ப் பால்கனியில் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. அவர் அண்ணாந்து பார்த்தார். தலையிலிருந்து தட்டை இறக்கிப் பிளாட்பாரத்தில் வைத்தார். தட்டு நிறைய பெபியோ இருக்கும்போது அவர் அதைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. தேநீர்க்கடைப் பையன் ஓடிவந்து தட்டுக்குக் காவல் நின்றான். அவர் படியேறி வந்தார்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு, அம்மாவின் காலடியில் மண்டியிட்டு மூன்று முறை குனிந்து கும்பிட்டார். கன்னத்தில் பூசியிருந்த தனக்கா, அந்த மரப்பட்டைச் சாந்து, கண்ணீரில் கரைந்து கோடு கோடாக இறங்கியிருந்தது. இடுப்பிலிருந்து ஒரு ஐந்நூறு சாட் நோட்டை எடுத்தார். முந்தின நாள் போணி நோட்டு, செலவழிக்காமல் வைத்திருந்தாராம். இறந்தவர் ஆற்றைக் கடக்கப் படகுக்கூலி வேண்டும் என்று பர்மியர்கள் காசு வைத்து அனுப்புவது உண்டு, நாம் நெற்றியில் காசு வைப்பது மாதிரி. அம்மாவின் உள்ளங்கையில் அந்த நோட்டை வைத்து விரல்களை மூடினார். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், நம் முறையில் இது கிடையாதே என்று ஆரம்பித்தார். சித்தப்பா, "இருக்கட்டும்யா, அது அவ சம்பாதிச்ச காசு" என்றார். அப்படியே போனது.

பெபியோ அம்மாளிடம், இந்த மடலில் அவருடைய பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு வேண்டாம் என்றார். பாக்கி ஏதாவது உண்டா என்றும் கேட்டேன், அவசரக்காரன் நான். இந்தக் கேள்விக்கு அவர் சிரிக்கவில்லை. ஆகவே இந்த மடல் வழியாகச் சொல்கிறேன்: அக்கா, சேஜூ தின்பாதே, நன்றி. அன்றைக்குச் சத்தம் போட்டதற்கு மன்னித்துவிடுங்கள்.

இன்று காலை, பதினேழாம் நாள், மணி மறுபடி அடித்தது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் மகள் டப்பாவைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து கிளிப்பில் மாட்டி இறக்கினாள். டப்பாவில் இன்னும் நாற்பத்தொரு நோட்டு இருக்கிறது, அதுவரை நான்தான் என்றாள். அதற்குப் பிறகும் நிற்காது, அது என் பொறுப்பு.

வர முடியாமல் போனவர்கள், அம்மாவின் படத்துக்கு ஒரு பூ வைக்க நினைப்பவர்கள், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். வீடு தெரியாவிட்டால் தெருவில் யாரிடமும் கேட்க வேண்டாம். நிறையக் கயிறு தொங்கும். நீலக் கயிற்றை இழுத்துப் பாருங்கள், பித்தளைச் சத்தம் கேட்டால் நாங்கள்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் பூவை கிளிப்பில் மாட்டினால் போதும், மேலே இழுத்துக்கொள்கிறோம்.