பிடித்த இடம் மாறக் கூடாது

அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மழை விழுந்து காப்பி பூத்துவிட்டது என்று படித்ததும் அடுத்த பஸ்ஸிலேயே ஏற்காட்டுக்குக் கிளம்பிவிடலாமா என்றிருந்தது. இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. வீட்டில் எல்லாரும் நலம்.

உன் பேத்தி கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருக்கும் நிரலைப் (புரோகிராம்) பற்றித்தான் அன்றிலிருந்து யோசனை. சில்வர் ஓக், மிளகுக்கொடி, காப்பிச் செடி எல்லாவற்றையும் மவுஸால் இழுத்து இழுத்து வைத்து, தோட்டத்தையே திரையில் போட்டுப் பார்க்கலாம் என்பது எவ்வளவு நல்ல எண்ணம்! மரத்தை அமுக்கியதும் ஒரு துள்ளு துள்ளுகிறது, மெதுவாக இழுத்தால் நகரவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். இரண்டுக்கும் மருந்து உண்டு.

முதலில் துள்ளல். மரப் படத்தின் மேல் இடது மூலை, திரையில் இடமிருந்து 200, மேலிருந்து 150 என்ற புள்ளியில் இருக்கிறது என்று வை. அவள் அமுக்கிய இடம் 230, 170. மவுஸ் இருக்கும் இடமே மரத்தின் இடம் என்று நிரலில் எழுதியிருந்தால், அமுக்கிய நொடியே மூலை அங்கே ஓடிவிடும். பலகையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் அதன் மூலை தானாகவா நம் கைக்குள் வந்து விழுகிறது? அமுக்கும்போதே வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்: குறுக்கே 30, கீழே 20. பிறகு மவுஸ் 400, 300க்குப் போனால் மரம் 370, 280இல் நிற்க வேண்டும். எந்த இலையைப் பிடித்தாளோ அந்த இலை கடைசிவரை அம்புக்குறியின் அடியிலேயே இருக்கும்.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். மரங்கள் வரிசையாக நிற்கட்டும் என்று 20 புள்ளிக்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறாள் அல்லவா? மெதுவாக இழுக்கும்போது மவுஸ் மூன்று மூன்று புள்ளியாகத்தான் நகரும். 200 என்பது 203 ஆகும். உடனே நிரல் அதைக் கட்டத்துக்கு இழுத்து மறுபடி 200 ஆக்கிவிடும். அடுத்த மூன்றும் அப்படியே போகும். கணக்கைத் தனியாக, முழுசாக வைத்துக்கொள்ளட்டும்: 203, 206, 209, 212. கட்டத்துக்குச் சேர்ப்பது கண்ணுக்குக் காட்டும்போது மட்டும். 212 வந்ததும் மரம் 220க்குப் போய் நிற்கும்.

இதெல்லாம் எனக்கு உறைத்தது பக்கத்துத் தெரு நெசவாளர் அண்ணனைப் பார்த்துத்தான். தறியில் நெய்கிற ஜக்கார்டு டிசைனை அவர் இப்போது கம்ப்யூட்டரில்தான் போடுகிறார். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். ஒவ்வொன்றும் பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் இடம். அரை நூல் என்று ஒன்று கிடையாது, அதனால் புட்டாவை (சேலையில் வரும் சின்னப் பூ உருவம்) எங்கே விட்டாலும் முழுக் கட்டத்தில்தான் உட்கார வேண்டும். முன்பெல்லாம் புட்டாவை நாலு நூல் தள்ள வேண்டுமென்றால் கிராப் தாளில் மறுபடி வரைந்து, எந்த நூலைத் தூக்குவது என்று தறிக்குச் சொல்லும் அட்டையிலும் புதிதாக ஓட்டை போட வேண்டும். இப்போது பிடிக்கிறார், நகர்த்துகிறார். விடுவதற்கு முன் விரலை எடுக்காமல் அப்படியே நிறுத்தி, இரண்டு பக்கமும் இடைவெளியைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் விடுகிறார். "பிடிச்ச இடம் மாறக் கூடாது தம்பி, விட்ட இடத்துல நிக்கணும்" என்றார். நிரல் எழுதுகிற எல்லாரும் இதைக் கேட்க வேண்டும்.

பேத்திக்கு இன்னொன்றும் சொல். மவுஸுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, எவ்வளவு நகர்ந்தோம் என்றுதான் தெரியும். 1964இல் டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலீஷும் அமெரிக்காவில் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரம், ஒன்று இடவலத்துக்கு, மற்றது மேல்கீழுக்கு. 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஊரறியக் காட்டினார் எங்கல்பார்ட். இன்றைய மவுஸில் சக்கரத்துக்குப் பதில் ஒரு குட்டிக் கேமரா மேசையைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் நகர்வு. கண்ணாடி மேசையில் பல மவுஸ்கள் தடுமாறுவது அதனால்தான். படமெடுக்க அங்கே புள்ளியோ கீறலோ இல்லை. மவுஸே வித்தியாசத்தை வைத்துத்தான் பிழைக்கிறது. மரத்தையும் அவள் அந்த வழியிலேயே நகர்த்தட்டும்.

விரலை எடுத்தாயிற்றா என்று நிரல் மரத்தின் மேல் மட்டும் கவனிக்க வேண்டாம், பக்கம் முழுவதிலும் கவனிக்கச் சொல். வேகமாக இழுத்து மரத்துக்கு வெளியே போய் விட்டுவிட்டால், விட்டதே தெரியாமல் மரம் மவுஸோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். ஒன்றின் மேல் ஒன்று இருந்தால், கடைசியாக வரைந்ததுதான் மேலே தெரியும். அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். கை நடுங்குகிற நம் வயதுக்காரர்களுக்காக விசைப்பலகையின் அம்புக்குறி விசையாலும் ஒவ்வொரு கட்டமாக நகர்த்த வழி வைத்தால் ரொம்பவே நன்றாக இருக்கும்.

மே மாதம் கோடை விழாவுக்குக் கூட்டம் சேருவதற்குள் நான் மேலே வருகிறேன். அண்ணனும் வருகிறேன் என்கிறார், அவள் செய்ததைப் பார்க்க வேண்டுமாம். அதற்குள் முடிந்துவிட்டால் எனக்கு அனுப்பு. வரும்போது தட்டுவடை செட் வாங்கி வரட்டுமா?

உன் அன்பு நண்பன்