ஜார்ஜ் மெரிலின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி ஹால் கல்லூரி ஆட்சிக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் பழைய மாணவரான ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்பெண்டரை நான் அறிந்தது இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம் வழியாகத்தான். கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் படித்தவர் அருணாசலம். கார்பெண்டருக்குப் பகவத் கீதையை அனுப்பிவைத்தவர் அவர்தான். அந்த நண்பரைத் தேடித்தான் 1890இல் கார்பெண்டர் இலங்கைக்கு வந்தார். அங்கே இராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டார்.

சரி, நான் எழுத வந்தது இன்னொருவரைப் பற்றி: கார்பெண்டரின் துணைவர் ஜார்ஜ் மெரில்.

கார்பெண்டர் 1874இலேயே குருப்பட்டத்தையும் கல்லூரிப் பதவியையும் விட்டுவிட்டு வடக்கே போய்விட்டார். கீழை நாடுகளில் இருந்து திரும்பியபின் ரயிலில் ஜார்ஜ் மெரிலைச் சந்தித்தார். மெரில் ஷெஃபீல்டின் ஏழைத் தெருக்களில் வளர்ந்தவர். 1898இல் மில்தார்ப் கிராமத்தில் இருந்த கார்பெண்டரின் வீட்டுக்கே வந்துவிட்டார். தன்பாலீர்ப்புக்காகத் தண்டிக்கப்பட்ட எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு சிறையிலிருந்து வெளிவந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அந்த நேரத்தில் இவர்கள் ஊரறிய ஒன்றாகக் குடித்தனம் நடத்தினார்கள். மெரில் சமைத்தார், வீட்டைப் பார்த்துக்கொண்டார். தன்பாலீர்ப்பு மனித இயல்புதான் என்று வாதாடும் நூலை 1908இல் கார்பெண்டர் வெளியிட்டது அந்த வீட்டில் இருந்தபடிதான்.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் படித்த நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1913இல் அங்கே போனார். மெரில் அவருடைய பின்புறத்தில், பிட்டத்துக்குச் சற்று மேலே, மெல்லத் தொட்டார். அந்தத் தொடுகையில் பிறந்ததுதான் 'மாரிஸ்' நாவல் என்று ஃபார்ஸ்டரே எழுதிவைத்திருக்கிறார். அவர் இறந்தபிறகு, 1971இல்தான் அது அச்சானது.

அருணாசலம், கார்பெண்டர், ஃபார்ஸ்டர் மூவரும் உங்கள் பல்கலைக்கழகப் பதிவேட்டில் இருக்கிறார்கள். மெரில் அதில் வரவே மாட்டார், அவர் கல்லூரி வாசலே மிதிக்காதவர். ஆனால் அவரை விட்டுவிட்டால் கார்பெண்டரின் கதையில் பாதி போய்விடும். படித்தவர்களின் பெயர் மட்டும் நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒவ்வொரு பிப்ரவரியும் உங்கள் நாட்டில் பால்புதுமையர் (LGBT+) வரலாற்று மாதம். அப்போது கார்பெண்டரைப் பற்றிப் பேசினால் மெரிலின் பெயரையும் சொல்லுங்கள். 'நண்பர்' என்றோ 'வேலையாள்' என்றோ மழுப்ப வேண்டாம். துணைவர் என்றே சொல்லுங்கள். 1928இல் மெரில் இறந்தார். மறு வருடமே கார்பெண்டரும் போனார். கில்ஃபோர்டில் இருவரும் ஒரே கல்லறையில்தான் இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகர்