இனிஷியலில் சிக்கி நிற்கும் டாக்டர் பட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பல வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்த பிள்ளைகள் இங்கிலாந்துக்கோ துபாய்க்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பிக்கும்போது இன்றைக்கும் எனக்குப் போன் செய்கிறார்கள். பாடத்தில் சந்தேகம் கேட்டு யாரும் கூப்பிடுவதில்லை. "சார், காலேஜ் ஆபீஸ்ல யாரையாவது தெரியுமா, என் வெரிஃபிகேஷன் அப்படியே நிக்குது" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கேட்கும் பட்டச் சரிபார்ப்பு நம் கல்லூரி அலுவலகங்களில் முடங்கிக் கிடக்கிறது. இது அந்த அலுவலகங்களில் இருப்பவர்கள் காதிலும், இந்த வருடம் பிள்ளையை எம்பிபிஎஸ் சேர்க்கப் போகும் பெற்றோர் காதிலும் விழவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நம் எம்பிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு நேராகப் போய் வெளிநாட்டில் வைத்தியம் பார்க்க முடியாது என்பது தெரிந்ததுதான். 1930-லேயே பிரிட்டனில் டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் (ஜிஎம்சி) இந்தியப் பட்டங்களை ஏற்க மறுத்தது. அதையொட்டித்தான் 1933-ல் சட்டம் போட்டு நமக்கென்று ஒரு மெடிக்கல் கவுன்சில் வந்தது. நடுவில் அங்கீகாரம் திரும்பக் கிடைத்து, 1975-ல் மறுபடியும் போய்விட்டது. இப்போது பெரும்பாலும், வெளியில் படித்த டாக்டர்களுக்கு ஜிஎம்சி வைக்கும் பிளாப் தேர்வை எழுதவேண்டும். முதல் பகுதி 180 கேள்வி, மூன்று மணி நேரம், அதை இந்தியாவிலேயே எழுதலாம். இரண்டாவது பகுதிக்கு மான்செஸ்டர் போகவேண்டும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நாட்டு நோயாளியைத் தொடப் போகிறவரை அவர்கள் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். நாமும் ரஷ்யா, சீனா, பிலிப்பைன்ஸ் என்று போய்ப் படித்துவிட்டு வருகிற நம் பிள்ளைகளுக்கு எஃப்எம்ஜிஇ என்ற தகுதித் தேர்வு வைக்கிறோமே, 300-க்கு 150 எடுத்தால்தானே மேற்கொண்டு நகர முடிகிறது. தவிர, 2023 செப்டம்பரில், பழைய மெடிக்கல் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த நம் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் அங்கீகாரம் 10 வருடத்துக்குக் கிடைத்துவிட்டது. ஆக, நம் கல்லூரிகளின் தரத்தைப் பற்றி வெளியே கேட்கப்படும் கேள்விக்கு ஓரளவு பதில் வந்துவிட்டது.

மிச்சம் இருக்கும் கேள்வி, இந்தப் பட்டத்தை நிஜமாகவே அந்தக் கல்லூரிதான் கொடுத்ததா, கையில் வைத்திருப்பவருக்குத்தான் கொடுத்ததா என்பது. இதற்கு விண்ணப்பிக்கிறவர் சொல்லும் பதில் செல்லாது. நோட்டரி முத்திரை குத்திய நகலும் செல்லாது. 2018 ஜூனிலிருந்து இந்தியாவில் படித்த எந்த டாக்டரும் ஜிஎம்சியில் பதிவு செய்ய வேண்டுமென்றால், அமெரிக்காவில் பிலடெல்பியாவில் உள்ள இசிஎஃப்எம்ஜி என்ற அமைப்பு நடத்தும் எபிக் சேவை வழியாகப் பட்டத்தைச் சரிபார்த்திருக்க வேண்டும். அவர்கள் பட்டத்தின் நகலைப் படித்த இடத்துக்கே அனுப்புவார்கள். அங்கே அதிகாரம் பெற்றவர் பார்த்து, எங்களுடையதுதான் என்று உறுதி செய்து அனுப்ப வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் இதே வேலையைச் செய்கிறது. போலிப் பட்டத்தைப் பிடிக்க இது நல்ல ஏற்பாடு, வேண்டாம் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். சிக்கல் எல்லாம் நம் பக்கத்தில், நம் ஊரில் இருக்கிறது. அதில் முதல் சிக்கல் பெயர்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். எஸ். கவிதா என்று பள்ளியில் சேர்க்கிறோம், ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் அதே பெயர், அதைப் பார்த்து எம்பிபிஎஸ் பட்டத்திலும் அதே பெயர். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ இனிஷியல் கூடாது என்று அச்சிட்டே இருக்கிறது. அங்கே அப்பா பெயரை விரித்துக் கவிதா சிவகுமார் என்று போடுகிறோம். சிலர் சர்நேம் இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள், அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று மூன்று எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது கணவர் பெயர் சேரும், கவிதா ராஜேஷ் ஆகிவிடும். ஊர்ப் பெயர், தாத்தா பெயர் என்று இரண்டு மூன்று இனிஷியல் வைத்திருக்கும் குடும்பங்களில் எதை விரித்தோம், எதை விட்டோம் என்று வீட்டிலேயே யாருக்கும் நினைவிருக்காது. ழகரம் வரும் பெயர் என்றால் ஒரு சான்றிதழில் இசட் எச், இன்னொன்றில் வெறும் எல். இங்கே இருக்கும்வரை இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, பார்த்தாலே நமக்குப் புரிந்துவிடும். பிலடெல்பியாவிலோ துபாயிலோ உட்கார்ந்து கோப்பைப் பார்க்கும் ஒருவருக்கு எஸ். கவிதாவும் கவிதா ராஜேஷும் இரண்டு வேறு ஆட்கள். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

அப்புறம் ஆரம்பிக்கிறது அலைச்சல். நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், தாசில்தார் அலுவலகத்தில் ஒரே நபர் என்று சான்று, கெஜட்டில் பெயர் மாற்றம். கெஜட்டில் மாற்றினாலும் பழைய பட்டத்தில் அச்சான பெயர் அப்படியேதான் இருக்கும். கடைசியில், இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று படித்த கல்லூரியே எழுதிக் கொடுத்தால் நல்லது என்று வந்து நிற்கும். கல்லூரியில் கேட்டால் அப்படி ஒரு படிவமே எங்களிடம் இல்லை என்பார்கள்.

என் மாணவி ஒருத்தி, மயக்க மருந்துத் துறையில் நல்ல கைராசி உள்ள பெண், பிளாப் இரண்டும் முதல் முறையிலேயே தேறியவள், இதில் மாட்டிக்கொண்டு பட்ட பாடு எனக்கு நன்றாகத் தெரியும். அவள் படித்த கல்லூரியின் பெயரை எழுத நான் விரும்பவில்லை, ஏனென்றால் வேறு கல்லூரியாக இருந்திருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும். பெயர் ஒத்துப்போகவில்லை என்று கோப்பு திரும்பி வந்தது. கடிதம் கேட்டு அலுவலகத்துக்குப் போனால் சம்பந்தப்பட்ட கிளார்க் விடுப்பு, அடுத்த முறை டீன் மாற்றல். புது டீனின் பெயரும் கையெழுத்தும் அந்த வெளிநாட்டு அமைப்பின் பதிவில் ஏறும்வரை எதுவும் நகரவில்லை. இதற்கிடையில், டாக்டர் மேல் புகார் ஏதும் இல்லை என்று சொல்லி மாநில மெடிக்கல் கவுன்சில் தரும் குட் ஸ்டாண்டிங் சர்டிபிகேட் காலாவதியாகிவிட்டது. ஜிஎம்சி கணக்கில் அதற்கு ஆயுள் மூன்று மாதம்தான். மறுபடி விண்ணப்பம், மறுபடி பணம். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்கு இரண்டு வருடம், பிளாப் இரண்டாம் பகுதி தேறிய நாளிலிருந்து பதிவு பெற இரண்டு வருடம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கெடு இருக்கிறது, கல்லூரி பதில் போடுவதற்கு மட்டும் ஒரு கெடுவும் கிடையாது. வேலை தருவதாகச் சொன்ன மருத்துவமனை பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அந்தப் பெண் என்னிடம் அழுதாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

டேட்டாஃப்ளோவில் இதைவிட மோசம். படித்த இடத்திலிருந்து பதில் வராவிட்டால் சரிபார்க்க இயலவில்லை என்று அறிக்கை வரும். பட்டம் போலி என்று அதற்கு அர்த்தம் இல்லைதான், ஆனால் அதைப் படிக்கிற வேலை தருபவர் மனதில் என்ன தோன்றும்? ஒழுங்காகப் படித்துத் தேறிய ஒருவர் மேல், யாரோ ஒரு மெயிலைத் திறக்காததால் சந்தேகம் விழுகிறது. இந்தச் சந்தில்தான் ஏஜென்டுகள் புகுந்து, டிரான்ஸ்கிரிப்ட் (பாட, மதிப்பெண் விவரச் சான்று) வாங்கித் தருகிறேன், பதில் போட வைக்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள்.

நம் வரிப்பணத்தில் படித்துவிட்டு வெளிநாடு ஓடுகிறவர்களுக்கு எதற்கு வசதி செய்து தரவேண்டும் என்று சிலர் கேட்பார்கள். மருத்துவர்கள் இங்கேயே இருக்கவேண்டும் என்றால் அதற்கு நியாயமான சம்பளம், பணியிடம், இத்தனை வருடம் இங்கே வேலை பார்க்கவேண்டும் என்ற பாண்ட் என்று வெளிப்படையான வழிகள் இருக்கின்றன, அதைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். ஒருவருடைய சான்றிதழுக்குப் பதில் போடாமல் இருப்பது அந்த வழிகளில் ஒன்று ஆகாது. போகிறவர்களில் எத்தனையோ பேர் நாலைந்து வருடம் பயிற்சி எடுத்துக்கொண்டு திரும்பி வந்து இங்கேயே வேலை பார்க்கிறார்கள், நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளில் பெயர்ப் பலகைகளைப் பார்த்தாலே தெரியும். போனவர் போனவராகவே இருந்தாலும், தான் கொடுத்த பட்டம் தன்னுடையதுதான் என்று சொல்வது கல்லூரியின் கடமை. ஐந்தரை வருடம் அவர்களை வைத்துப் படிப்பும் பயிற்சியும் கொடுத்தது யார்?

செய்யவேண்டியது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பட்டமளிப்புக்கு முன்னால் ஒவ்வொரு மாணவரிடமும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கி, இனிஷியலை விரித்துப் பட்டத்திலேயே அச்சிடலாம். 2021 டிசம்பரில் இனிஷியலையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது, அதை நான் சந்தோஷமாக வரவேற்றவன், தமிழ் வரியில் தமிழ் இனிஷியலே இருக்கட்டும், கீழே ஆங்கில வரியில் முழுப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். ஏற்கனவே பட்டம் வாங்கியவர்களுக்கு, கல்லூரிப் பதிவேட்டைப் பார்த்து இரண்டு பெயரும் ஒருவரே என்று சொல்லும் ஒரு பக்கப் படிவத்தை எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே மாதிரி வகுத்துக் கொடுத்தால் போதும். டீன் மாறினாலும் வேலை நிற்காதபடி, ஒவ்வொரு கல்லூரியிலும் துணை முதல்வரையும் சேர்த்து இரண்டு பேருக்கு அந்த அதிகாரம் இருக்கவேண்டும். வந்த கோரிக்கைக்குப் பதினைந்து நாளில் பதில் என்று ஒரு கெடு வைத்து, அது எந்த மேசையில் இருக்கிறது என்று விண்ணப்பித்தவர் ஆன்லைனில் பார்க்க வழி செய்யவேண்டும். ரேஷன் கார்டு விண்ணப்பத்துக்கே அந்த வசதி இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வெளிநாடு போகும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ப்ளஸ் டூ, ஆதார், பாஸ்போர்ட் நான்கிலும் பிள்ளையின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று கல்லூரியில் சேர்க்கும் முன்பே எடுத்து வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அப்போதே திருத்திவிடுங்கள். பட்டம் அச்சாகிவிட்ட பிறகு அதே திருத்தத்துக்கு மாதக் கணக்கில் அலையவேண்டி வரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருத்துவப் பேராசிரியர்,
அண்ணா நகர், சென்னை