பசியோடு திரும்பியது யார் தப்பு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் உணவகங்களைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். பெரிய தட்டின் நடுவில் ஒரு கரண்டிப் பண்டத்தை வைத்து மாதச் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், அறைக்குத் திரும்பி பிஸ்கட் தின்றுதான் பசியாறினேன் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் பசி விஷயத்தில் தப்பு அவர் மேல்தான் என்று நினைக்கிறேன்.

போன செப்டம்பரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த ஊரில் எக்ஸ்டெட் என்ற உணவகத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். நிக்லாஸ் எக்ஸ்டெட் என்ற சமையல்காரர் 2011-ல் தொடங்கியது. உணவகங்களுக்குப் பெரிய கௌரவமான மிஷலின் நட்சத்திரம் வாங்கிய இடம். சமைப்பதற்கு கேஸும் கிடையாது, மின்சாரமும் கிடையாது, எல்லாம் விறகுதான். மருமகன் இதைப் பெருமையாகச் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் அம்மா தென்னை மட்டையும் கொதும்பும் வைத்து எரித்து, ஊதாங்குழலும் கையுமாக இருமி இருமிச் சமைத்தவர். பாலில் புகை வாசம் ஏறிவிட்டால் காபிக்குக்கூட அதை எடுக்க மாட்டார். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்த அன்று அதற்குப் பொட்டு வைத்துப் பூப்போட்டோம். அதையெல்லாம் தாண்டி வந்து, விமானம் ஏறிப் போய், காசு கொடுத்து விறகடுப்புச் சாப்பாடா?

சரி, போனோம். உட்கார்ந்த சிறிது நேரத்தில் எழுப்பி அடுப்படிக்கே கூட்டிப் போனார்கள். நீளக் கைப்பிடி, அதன் முனையில் புனல் மாதிரி ஓர் இரும்புக் கூம்பு. பிளம்பாடு என்று பெயர், பிரான்ஸ் நாட்டுக் கருவியாம். அதைத் தணலில் சிவக்கச் சிவக்கக் காய வைத்து, உள்ளே ஒரு கட்டி மாட்டுக் கொழுப்பைப் போட்டார் சமையல்காரர். குப்பென்று பற்றி, கூம்பின் நுனியிலிருந்து கொழுப்பு தீச்சொட்டாக இறங்கியது, கீழே திறந்து வைத்திருந்த ஆயிஸ்டர் என்ற கடல் சிப்பி மேல். சொர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான் சமையல். எங்கள் குளச்சல் பக்கத்துச் சிப்பியை அவித்துத் தேங்காய் போட்டு வதக்கித்தான் எனக்குப் பழக்கம். பாதி பச்சையாக இருந்த அதை வாயில் போடக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. போட்ட பிறகு முதலில் கடல், அப்புறம் நெய் மாதிரி ஒரு கனம், கடைசியில் புகை. அம்மா பாலிலிருந்து விரட்டிய அதே புகைதான்.

இனி அந்தப் பசி விஷயம். 'சும்மா கொடுக்கிற பிரெட்டைத் தொடாமல் முக்கிய உணவுக்காக வயிற்றைக் காலியாக வைத்திருந்தேன்' என்று எழுதியிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டார். அந்த மாதிரி இடங்களில் பிரெட்டும் வெண்ணெயும் இலை ஓரத்து அப்பளம் அல்ல, அதுவே ஒரு பந்தி. புளித்த மாவில் சுட்டு, தோல் கறுக்க, உள்ளே ஈரம் மாறாமல், சுடச்சுட வரும். வெண்ணெயும் லேசாகப் புளிக்க வைத்துக் கடைந்தது. நான் மூன்று துண்டு தின்றேன். அதன்பின் வந்த சின்னச் சின்னத் தட்டுகளை முடிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

ருசியும் பிடிபடவில்லை, எல்லாம் புளிப்பும் உப்பும் புகையும்தான் என்கிறார். உண்மைதான், வேறு எப்படி இருக்கும்? நமக்கு வெயில் இருந்தது, கடலோரத்தில் உப்பளம் இருந்தது, கருவாடு போட்டோம். அவர்களுக்கு வெயிலும் கிடையாது, உப்போ அந்தக் காலத்தில் கப்பலில் வந்த விலை உயர்ந்த சரக்கு. அதனால் கொஞ்சம் உப்பில் மீனைப் புளிக்க வைத்தார்கள். சால்மன் மீனை மணலில் புதைத்து வைத்தார்கள். இன்று நாகரிகமாகத் தட்டில் வருகிற கிராவ்லாக்ஸ், அதாவது 'குழி சால்மன்', என்ற பெயரில் அந்தப் புதைப்பு இன்னும் இருக்கிறது. ரை என்ற தானியத்தின் மாவில் செய்த ரொட்டியை வருடத்துக்கு ஓரிரு தடவை மொத்தமாகச் சுட்டு, நடுவில் ஓட்டை போட்டு, கழியில் கோத்துக் கூரையடியில் தொங்கவிட்டார்கள். எலுமிச்சை விளையாத நாட்டில் புளிப்புக்கு லிங்கன்பெர்ரி என்ற காட்டுப் பழம். யார் நிலத்துக் காடானாலும் உள்ளே போய்ப் பழமும் காளானும் பறிக்கலாம் என்ற உரிமை அங்கே எல்லோருக்கும் உண்டு. மகளும் நானும் ஒரு காலை முழுக்கக் குனிந்து பறித்து, இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். 2004-ல் ஸ்வீடன், டென்மார்க் முதலான நார்டிக் நாடுகளின் சமையல்காரர்கள் 12 பேர் கோபன்ஹேகனில் கூடி, நம் மண்ணில், நம் பருவத்தில் விளைவதை வைத்தே சமைப்போம் என்று அறிக்கை விட்ட பிறகுதான் இந்தப் பஞ்சகாலச் சரக்கெல்லாம் வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு வந்தது.

ஒரு விஷயத்தில் நான் கட்டுரையாளர் கட்சி. பேச்சு! வேறோர் உணவகத்தில், பெயர் வேண்டாம், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தலபுராணம். உருளைக்கிழங்கு எந்தத் தோட்டத்தில் பிறந்தது, மேலே இருக்கும் பாசி எந்தப் பாறையில் வளர்ந்தது என்று பரிமாற வந்த பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் கிழங்கு ஆறி அவலாகிவிட்டது. விலை பற்றிய ஆதங்கமும் நியாயம்தான். பில்லைப் பார்க்கவிடாமல் மகள் மறைத்துக்கொண்டாள், நானும் வற்புறுத்தவில்லை.

இப்படிப்பட்ட கட்டுரை போடும்போது ஒரு பெட்டிச் செய்தியும் சேர்த்துப் போடுங்கள் ஐயா. எது ஆகாது என்பதை முன்பதிவு செய்யும்போதே எழுதிவிட வேண்டும், அங்கே போய் உட்கார்ந்துகொண்டு சொன்னால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். என் வீட்டுக்காரருக்கு மாட்டுக் கொழுப்பு ஆகாது. மகள் முதலிலேயே எழுதியிருந்ததால் அவருக்கு வேறு செய்து கொடுத்தார்கள். என் ஆயிஸ்டரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர், கடைசியில் இனிப்பாக வந்த காளான் சூஃப்ளேயை (முட்டை நுரையில் உப்பச் சுட்ட பண்டம்) மட்டும் தன்னுடையதை முடித்துவிட்டு என் தட்டிலிருந்தும் வழித்துத் தின்றார். காளானில் இனிப்பா என்று முதலில் கேலி செய்தவரும் அவரேதான்.

இப்படிக்கு,
நாகர்கோவில் வாசகி