நம் தெருக்காரர்களைத் தேடிய ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்னையின் பெரியவர்கள் யார் என்று கேட்டால் நம் பிள்ளைகள் மெரினாவில் சிலையாக நிற்பவர்களைத்தான் சொல்கிறார்கள். ஏழுகிணறு, முத்தியால்பேட்டை, ராயபுரம் என்று நாம் தினமும் நடக்கிற தெருக்களில் குடியிருந்தவர்களையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். மாதம் ஒரு கூட்டம், முடிந்தால் ஒரு நடை. அடைமழையால் நவம்பர் கூட்டம் மட்டும் நின்றுபோனது.

முதல் நடை வீராசாமி பிள்ளை தெருவிலிருந்து கந்தகோட்டம் வரை. “வள்ளலார் வடலூர்க்காரர் இல்லையா?” என்று ஒரு சிறுவன் கேட்டான். கைக்குழந்தையாக வந்தவர், 1858 வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏழுகிணற்றில் வாழ்ந்தவர் என்றதும் அவனுக்கு வியப்பு தாங்கவில்லை. ‘தருமமிகு சென்னை’ என்று அவர் பாடிய கந்தவேள் சன்னதியிலேயே நின்று அந்த வரியைப் பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள்.

அடுத்து கணித மேதை ராமானுஜன். 1912 மார்ச் 1 அன்று துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அப்போது சைவ முத்தையா முதலி தெருவில் பாட்டியோடு குடியிருந்தார். 1913 ஜனவரியில் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் தன்னைத் துறைமுகக் குமாஸ்தா என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார். ராஜாஜி சாலை நடைபாதையில் நின்று இதைச் சொன்னபோது, துறைமுகத்தில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர் கண்கலங்கினார்.

ஆனால் இந்த ஆண்டு என்னை மிகவும் பாதித்தவர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. பேரைக் கேட்டிருந்தவர்கள் கூட்டத்தில் இரண்டே பேர். 1806இல் சென்னையில் பிறந்த வியாபாரி. 1844இல் ‘கிரசன்ட்’ என்ற பத்திரிகை தொடங்கினார். 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தை அமைத்தார். அந்தக் காலத்தில் வரி கட்ட முடியாத குடியானவரின் விரல்களைக் கிட்டி என்ற மரக்கருவியில் வைத்து நெரிப்பார்கள். குனிய வைத்துக் கழுத்தையும் கால்விரலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவார்கள். சங்கம் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. 1853இல் டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இங்கே வந்தபோது, லட்சுமிநரசு அவரை ஊர் ஊராக அழைத்துப்போய் அடிபட்டவர்களை நேரில் காட்டினார். அப்புறம்தான் விசாரணைக் குழு அமைந்தது. 1855இல் வெளியான அறிக்கை சித்திரவதை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. பொதுக் காரியத்துக்கே கைப்பணத்தைச் செலவழித்த அந்த மனிதர் 1868இல் வறுமையில் இறந்தார். ஒரு சங்கம் மனு எழுதினால் என்ன நடக்கும் என்று அலுத்துக்கொள்ளும் நம் உறுப்பினர்கள் அவரைப் படிக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

வீணை தனம்மாள் கூட்டத்துக்குப் பெண்கள் நிறையப் பேர் வந்தார்கள். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 1918இல் பிறந்த பேத்தி பாலசரஸ்வதி அந்தச் சங்கீதத்தைக் கேட்டு வளர்ந்துதான் பரதத்தை உலகுக்குக் கொண்டுபோனார். கூட்டத்தில் ஒலிப்பதிவைப் போட்டதும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார் ஒரு பாட்டி. அன்றைக்குக் கிடைத்த அமைதி வேறு எந்தக் கூட்டத்திலும் கிடைக்கவில்லை.

இளைஞர்களுக்குப் பிடித்தது கேரம் நாள்தான். இருமுறை உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம், வியாசர்பாடியிலிருந்து போய் 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி ஆகியோர் பற்றிப் பேசிவிட்டு உடனே பலகையை எடுத்துப் போட்டோம். இரவு ஒன்பது வரை யாரும் கிளம்பவில்லை.

மனக்குறை ஒன்று உண்டு. லட்சுமிநரசு செட்டிக்கு ஒரு நினைவுப் பலகை வைக்க வேண்டி உரிய அலுவலகத்துக்கு இரண்டு முறை மனு கொடுத்தோம். பதில் இல்லை. மூன்றாவது மனு தயார். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.

நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இந்த ஆண்டு இழந்தோம். முத்தியால்பேட்டை பள்ளியில் பி.கே.சீனிவாசன் சாரிடம் கணக்குப் படித்தவர். ராமானுஜன் கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் அந்தப் பள்ளியின் வழியாகவே நூலாகக் கொண்டுவந்தவர் அந்த ஆசிரியர். பிற்பாடு ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தையும் அமைத்தார். அங்கே போகும்போது பிள்ளைகளுக்குத் தானே விளக்கிச் சொல்வதாக நம் பெரியவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் இல்லாமலேதான் போனோம். அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மே மாத நடை தொழிலாளர் தலைவர் சிங்காரவேலருக்கு. 1923 மே 1 அன்று அவர் தொழிலாளர் தினம் கொண்டாடிய இரண்டு இடங்களில் ஒன்று உயர்நீதிமன்றத்தை ஒட்டிய கடற்கரை. காலை ஆறு மணிக்குச் சங்க வாசலில் கூடுவோம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொண்டுவாருங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்